யார் கணக்கில் எழுதுவது?

(இதில் வரும் குரு, திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரம் ஒன்றில் ஊழியம் செய்து ஓய்வுபெற்ற ஐயர். சீடன், பக்கத்துக் கிராமச் சபையில் உபதேசியாராக இருக்கும் இளைஞன். இருவரும் கற்பனை. இவர்கள் பேச்சில் வரும் சீட்டுக்காரருக்கு மட்டும் கற்பனை தேவைப்படவில்லை. அவர் எல்லா ஊரிலும் இருக்கிறார்.)

சீடன்: ஐயா, வரும் ஞாயிறு பிரசங்கம் என் முறை. தேவகிருபை என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

குரு: நல்ல தலைப்புதானே. முகம் ஏன் இப்படி இருக்கிறது?

சீடன்: தலைப்பு நல்லதுதான், நாள்தான் சரியில்லை. ஏலச்சீட்டு நடத்திப் பாதியில் கம்பி நீட்டினாரே எங்கள் சபையின் பழைய பொருளாளர், அவர் திரும்பி வந்துவிட்டார். போன வாரம் கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இந்த ஞாயிறு திருவிருந்து. அவர் முன்னால் வந்து முழங்கால்படியிட்டால் அப்பமும் ரசமும் கொடுக்கலாமா, கூடாதா என்று கமிட்டியில் பெரிய சண்டை. அன்றைக்குப் பார்த்து நான் கிருபையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

குரு: என்ன பேசுவதாக இருக்கிறாய்?

சீடன்: அவரை மன்னித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான். கிருபை என்றால் தகுதி பார்க்காமல் கொடுப்பது. தேவன் நமக்கு அப்படித்தானே கொடுத்தார்.

குரு: சீட்டில் உனக்கு எவ்வளவு போயிற்று?

சீடன்: எனக்கா? நான் சீட்டே போடவில்லை, ஐயா. உபதேசியார் சம்பளத்தில் சீட்டு எங்கே போடுவது?

குரு: அப்படியானால் எதை மன்னிக்கிறாய்?

சீடன்: அவர் செய்ததை. சபை என்ற முறையில்.

குரு: சபை என்ற முறையில் யாருக்கும் பசிக்காது, தம்பி. போனது யார் பணம் என்று சொல்.

சீடன்: நிறையப் பேருடைய பணம். அதிகம் அடிபட்டது பீடி சுற்றும் அக்கா ஒருவர். வீட்டுக்காரர் இறந்துவிட்டார். மகள் கல்யாணத்துக்கென்று மாதாமாதம் கட்டிவந்தார். விடிகாலையில் சுளகை மடியில் வைத்தால் இலை நறுக்கி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, இருட்டும்வரை தலை நிமிராது. கடைக்குக் கொண்டுபோனால் அங்கே கொஞ்சத்தைக் கழிவு என்று ஒதுக்கிவிடுவார்கள். மிச்சத்துக்குத்தான் கூலி. அந்தக் கூலியிலிருந்து கட்டிய சீட்டு.

குரு: அந்த அம்மாள் விரல் தேய்ந்து சேர்த்ததை நீ பிரசங்க பீடத்தில் நின்று வாயால் தள்ளுபடி செய்யப் போகிறாய். கேட்பவர்களில் நாலு பேர் கண் கலங்குவார்கள். உபதேசியார் நன்றாகப் பேசினார் என்பார்கள். அவள் மட்டும் ஆமென் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பாள். பணம் போனது போதாதென்று, மன்னிக்க மனமில்லாதவள் என்ற பேரும் அவளுக்கு வந்து சேரும்.

சீடன்: அப்படியானால் கமிட்டிக்காரர்கள் சொல்வதுதான் சரியா? அவரை வெளியே நிறுத்திவிடலாமா?

குரு: அவசரப்படாதே, அவர்களிடமும் வருகிறேன். முதலில் நீ கிருபையை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறாய் என்று பார்ப்போம். படித்ததைச் சொல்.

சீடன்: மனிதன் தன் முயற்சியால் தேவனை எட்ட முடியாது. மனம்வைத்தால் பாவம் செய்யாமல் வாழலாம் என்று பெலேகியு போதித்தார். அகுஸ்தீன் மறுத்தார். 418-ல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலேகியுவின் போதனையைத் தள்ளியது. பிறகு லூத்தர் வந்து...

குரு: போதும், தேர்வில் பாஸாகிவிடுவாய். இந்த வழக்கு நமக்கு மட்டும் சொந்தமில்லை. வைணவர்கள் இதே கேள்வியில் தென்கலை, வடகலை என்று பிரிந்து நிற்கிறார்கள். பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும். குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம். குரங்குக் குட்டி தாயைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். அகுஸ்தீன் பூனைக் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் இறக்கிவிட்ட பிறகு குட்டி என்ன செய்கிறது என்பதில்தான் எனக்கு அக்கறை. அதற்கு மத்தேயு 18 போதும். அந்த இரண்டு கடன்காரர் கதையின் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறாயா?

சீடன்: பதினாயிரம் தாலந்து; நூறு வெள்ளிப்பணம். ஒன்று பெரிய கடன், ஒன்று அற்பக் கடன்.

குரு: இப்படித்தான் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்துக் கெடுத்துவிட்டோம். வெள்ளிப்பணம் என்பது கூலியாளின் ஒரு நாள் கூலி. திராட்சத்தோட்டத்துக்காரன் பேசிய கூலி அதுதான். தாலந்து ஒன்றுக்கு ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் 10,000 தாலந்துக்கு?

சீடன்: 6 கோடி நாள் கூலி.

குரு: வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் வருஷம். இதை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயா, பெரேயா இரண்டிலிருந்தும் கிடைத்த வருமானம் ஆண்டுக்கு 200 தாலந்து என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதிவைத்திருக்கிறார். அப்படிப் பார்த்தால் இந்த ஒருவன் பட்ட கடன், இயேசு நடமாடிய நாட்டின் 50 வருஷ வருமானம். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். இப்போது அந்த அற்பக் கடனுக்கு வா.

சீடன்: 100 நாள் கூலி. ஏறக்குறைய நாலு மாத உழைப்பு.

குரு: அன்றாடங்காய்ச்சிக்கு நாலு மாதக் கூலி அற்பமா? பீடிக்கார அம்மாளைக் கேட்டுப் பார். இயேசு சின்னக் கடனைச் சின்னதாகச் சொல்லவே இல்லை, சொல்லிக்கொண்டிருப்பது நாம். சரி, முதல் கடன்காரன் ராஜாவின் காலில் விழுந்தபோது என்ன கேட்டான்?

சீடன்: தவணை கேட்டான். முழுவதையும் கட்டிவிடுவதாகச் சொன்னான்.

குரு: 2 லட்சம் வருஷக் கடனுக்குத் தவணை! ராஜா என்ன கொடுத்தார்?

சீடன்: தவணை கொடுக்கவில்லை. கடனையே தள்ளிவிட்டார்.

குரு: அது அவனுக்கு விளங்கியதா? விளங்கியிருந்தால் வெளியே போன கையோடு ஒருவன் தொண்டையைப் பிடிப்பானா? இன்னும் கட்ட வேண்டியவன் மாதிரியே வசூலுக்குக் கிளம்பிவிட்டான். கெட்டவன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கென்னவோ அவன் பயந்தவனாகத் தெரிகிறான். ராஜா மனம் மாறிவிட்டால் என்ன செய்வது என்று கையில் கொஞ்சம் சேர்த்துவைக்கப் பார்க்கிறான். நம் விசுவாசிகளில் பாதிப் பேர் இவன்தான். கிருபையால் இரட்சிக்கப்பட்டேன் என்று சாட்சி சொல்வார்கள். உள்ளே பேரேடு திறந்தே கிடக்கும். தசமபாகம் ஒரு மாதம் தவறினால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று நடுங்குவார்கள். தன் கணக்கே இன்னும் மூடவில்லை என்று நினைப்பவன் அடுத்தவன் கணக்கை எப்படி மூடுவான்?

சீடன்: கிருபையைப் புரிந்துகொள்வதும் அதைப் பிறருக்குக் கொடுப்பதும் ஒன்றுதான் என்கிறீர்களா?

குரு: ஒன்றென்று சொல்ல மாட்டேன். முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவது நடிப்பாகிவிடும். அந்தக் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த 10,000 தாலந்து எங்கே போயிற்று?

சீடன்: எங்கும் போகவில்லையே. ராஜாதான் விட்டுவிட்டாரே.

குரு: ராஜாவின் கஜானாவில் அவ்வளவு குறைந்தது. மன்னிப்பதால் நஷ்டம் மறைந்துவிடுவதில்லை, தம்பி. அதைச் சுமக்கிற ஆள்தான் மாறுகிறார். கடன்பட்டவன் தலையிலிருந்து கடன் கொடுத்தவன் தலைக்குப் போகிறது. சிலுவையைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் இதுதானே? தேவன் நஷ்டத்தைத் தம் பேரில் எழுதிக்கொண்டார். இன்னொருவன் பேரில் எழுதிவிட்டுத் தாராளம் காட்டவில்லை. சரி, பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தைக் கடைசியாக எப்போது வாசித்தாய்?

சீடன்: ஒரே அதிகாரம், 25 வசனம். தீத்துவிலிருந்து எபிரெயருக்குப் புரட்டும்போது விரலுக்குத் தப்பிவிடும்.

குரு: தப்பவிடக் கூடாத கடிதம் அது. பிலேமோன் எஜமான், வீட்டிலேயே சபை கூடுகிற அளவுக்கு வசதியுள்ளவன். ஒநேசிமு அவனுடைய அடிமை. எஜமானைப் பிரிந்துவந்தவன் எப்படியோ சிறையிலிருக்கும் பவுலிடம் வந்து சேர்ந்து விசுவாசியாகிறான். போகும்போது எதையாவது எடுத்துக்கொண்டு போனானா என்பது தெளிவாக இல்லை. நஷ்டம் ஏதாவது இருந்தால் என்ற ரீதியில்தான் பவுல் பேசுகிறார். ஓடிப்போன அடிமைக்கு ரோம உலகத்தில் சவுக்கடியும் உண்டு, சூடும் உண்டு. பவுல் அவனைத் திருப்பி அனுப்புகிறார், கையில் கடிதத்தோடு. நீ ஞாயிற்றுக்கிழமை பேச நினைத்திருப்பதை அவரும் எழுதியிருக்கலாம். சகோதரா, கர்த்தர் உன்னை மன்னித்தாரே, நீயும் இவனை மன்னித்துவிடு என்று.

சீடன்: அதைத்தானே கேட்கிறார்?

குரு: கேட்கிறார். கேட்கும்போதே அந்த நஷ்டத்தைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். தானே தீர்ப்பதாகத் தன் கையால் எழுதிக் கொடுக்கிறார். வாயால் சொல்லி இன்னொருவரை எழுதவைப்பது அந்தக் காலத்து வழக்கம். இந்த இடத்தில் எழுதுகோலைத் தானே வாங்கிக்கொள்கிறார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் புரோநோட்டு. விலங்கு மாட்டிய கிழவர் ஒருவர் சிறையிலிருந்து எழுதிக் கொடுத்த புரோநோட்டு!

சீடன்: பிலேமோன் அதை வசூலித்திருப்பானா?

குரு: வசூலித்தால் வசூலிக்கட்டும். எழுதும்போது பவுலுக்கு அந்தத் தைரியம் இருந்தது. எனக்கு இதிலிருந்து ஒன்று பிடிபட்டது. கிருபையைத் தன் சட்டைப்பையிலிருந்துதான் கொடுக்க முடியும். அடுத்தவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அதற்கு வேறு பேர். உங்கள் சபையில் போன அறுப்பின் பண்டிகை ஏலம் எப்படி?

சீடன்: பிரமாதம், ஐயா. ஒரு வாழைத்தார் மட்டும் 3,000 ரூபாய்க்குப் போயிற்று. இரண்டு வீட்டாருக்குள் போட்டி.

குரு: பணத்தை என்ன செய்தார்கள்?

சீடன்: கோயில் வாசலுக்கு வளைவு கட்டுவதற்கு எடுத்துவைத்திருக்கிறார்கள்.

குரு: அந்த மனுஷனை நம்பி அந்த அம்மாள் ஏன் சீட்டுக் கட்டினாள்?

சீடன்: சபைப் பொருளாளர் ஆயிற்றே, மோசம் போகாது என்றுதான்.

குரு: சபை கொடுத்த நாற்காலிதான் சீட்டுக்கு ஜாமீன். ஜாமீன் போட்டவர்கள் இப்போது வளைவு கட்டுகிறார்கள். அவளிடம் போய்க் கிருபையைப் பற்றிப் பேச உன்னை அனுப்புகிறார்கள்.

சீடன்: சபை பணத்தைக் கொடுத்துவிட்டால் அவர் தப்பித்துவிடுவாரே! குற்றம் செய்தவருக்குக் கிருபை, அபராதம் ஊருக்கா?

குரு: சரியான கேள்வி. சகேயுவை எடுத்துக்கொள். எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவன். காட்டத்தி மரத்தில் ஏறி இருந்தவனிடம் இயேசு என்ன நிபந்தனை போட்டார்?

சீடன்: ஒன்றும் போடவில்லை. இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று தாமே வலியப் போனார்.

குரு: ஊர் எப்போது முணுமுணுத்தது என்று கவனி. அவன் வீட்டுக்குள் கால் வைத்தவுடனேயே முணுமுணுத்தது. அப்போது அவன் ஒரு காசுகூடத் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. பிறகுதான் எழுந்து நின்று சொத்தில் பாதியை ஏழைகளுக்கு என்றான். ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் தருகிறேன் என்றான். மோசம் செய்தவன் தானே ஒப்புக்கொண்டால் முதலோடு ஐந்திலொரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது மோசேயின் சட்டம். நாலு மடங்கு, ஆடு திருடி அகப்பட்டவனுக்கு. சகேயு அந்தக் கனமான தண்டனையைத் தானே எடுத்துக்கொள்கிறான். யாரும் கேட்கவில்லை. கிருபை முதலில் வந்தது, கணக்கு பின்னால் வந்தது. கணக்கு வரவே இல்லை என்றால் வந்தது கிருபைதானா என்று சந்தேகப்பட உனக்கு உரிமை உண்டு.

சீடன்: போன்ஹோபர் மலிவான கிருபை என்று சொன்னது இதைத்தானா?

குரு: அதேதான். 1937-ல் எழுதினார், ஹிட்லருக்கு ஜெர்மனியின் சபைகளில் பெரும்பகுதி தலையாட்டிக்கொண்டிருந்தபோது. 1945 ஏப்ரலில் தூக்கில் போட்டார்கள். அவர் சொல்லிவிட்டார் என்பதற்காக எல்லாரும் அந்தச் சொல்லை எடுத்துப் பிறர் மேல் எறிகிறார்கள். அவர் எறிந்தது தன் சபையின் மேல்.

சீடன்: சகேயு ஒரே நாளில் மாறினான். எல்லாரும் அப்படி மாறுகிறார்களா? ஜான் நியூட்டனின் பாட்டை நாமும் பாடுகிறோம். 1748-ல் கடலில் புயலில் சிக்கி மனந்திரும்பினார் என்பார்கள்...

குரு: பாதிக் கதையோடு நிறுத்தாதே.

சீடன்: அதற்கு அப்புறமும் அடிமைக் கப்பலுக்குத் தலைவராகப் போனார். 1754 வரை. கடலை விட்டதும் உடம்பு முடியாமல் போனதால். ஊழியத்துக்கு வந்து, அந்தப் பாட்டையும் எழுதி, அடிமை வியாபாரம் பாவம் என்று வெளிப்படையாக எழுதியது 1788-ல். நாற்பது வருஷம், ஐயா! மேல்தளத்தில் அவர் ஜெபம் பண்ணியிருப்பார், அடித்தளத்தில் சங்கிலியில் மனிதர்கள் கிடந்திருப்பார்கள். இதையும் கிருபை என்று சொல்ல வேண்டுமா?

குரு: எனக்கும் இது தொண்டையில் முள்தான். கிருபை மெதுவாக வேலை செய்யும் என்று நாம் ஆறுதலாகச் சொல்கிறோம். அந்த மெதுவுக்கு விலை கொடுத்தவர்கள் கப்பலின் அடித்தளத்தில் இருந்தவர்கள். தன் ஒப்புதல் மிகவும் தாமதமாக வருகிறது என்பது நியூட்டனுக்கே தெரிந்திருந்தது; அந்தப் பிரசுரத்திலேயே அப்படி எழுதினார். 1807-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அந்த வியாபாரத்தைத் தடைசெய்தது. அவர் இறந்ததும் அந்த வருஷக் கடைசியில். நான் அவருக்காக வாதாட மாட்டேன். அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான். கிருபை பெற்றவன் என்பது யாருக்கும் நற்சான்றிதழ் ஆகாது. நாளைக்குச் சீட்டுக்காரர் கண்ணீரோடு சாட்சி சொன்னால் உண்டியல் சாவியைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

சீடன்: சாவி கொடுக்காவிட்டால் மன்னிக்கவில்லை என்று ஆகாதா?

குரு: ஏன் ஆக வேண்டும்? மன்னிப்பு ஒரு நொடியில் கொடுக்கக்கூடியது. நம்பிக்கை நாளாகி வருவது, வராமலும் போகலாம். சாவியைக் கொடுக்காமல் இருப்பது அவருக்கே உபகாரம். சரி, இப்போது கமிட்டிக்கு வருவோம். என்ன சொல்கிறார்கள்?

சீடன்: அவர் வந்தால் திருவிருந்து மேஜையின் பரிசுத்தம் கெட்டுவிடும் என்கிறார்கள்.

குரு: சி.எஸ்.ஐ. 1947-ல் உண்டானது. அதற்கு முன்னால் நம் பக்கத்துச் சபைகளில் ஓதியது இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப்புத்தகம். 1662-ஆம் வருஷத்து அந்தப் புத்தகத்தில் திருவிருந்து முறைமைக்கு முன்னால் சின்ன எழுத்தில் விதிகள் இருக்கும். இப்போது யாரும் வாசிப்பதில்லை. அயலானுக்குத் தீங்கு செய்து ஊரறியக் கெட்டவனாக இருப்பவனைக் குருவானவர் கூப்பிட்டு, பந்திக்கு வராதே என்று எச்சரிக்க வேண்டும். எதுவரைக்கும்? அவன் மனந்திரும்பியதை வெளிப்படையாகச் சொல்லி, நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு செய்யும் வரைக்கும். உடனே முடியாதென்றால் முடிந்தவுடன் செய்வதாக உறுதி சொல்லும் வரைக்கும். எவ்வளவு விவேகம், பார். காசில்லாதவனுக்கும் வாசல் வைத்திருக்கிறார்கள். மேஜையின் பரிசுத்தத்தைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. நஷ்டப்பட்டவனைப் பற்றித்தான் பேச்சு.

சீடன்: இதைக் கமிட்டியில் சொல்லலாமா?

குரு: தாராளமாக. ஆனால் மேஜையின் பரிசுத்தம் என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்கு வேறு நினைப்பு வரும். குற்றம் செய்தவர்களை இந்த மேஜையிலிருந்து நாம் அதிகம் தள்ளியதில்லை. குற்றமே செய்யாதவர்களைத் தள்ளியிருக்கிறோம். கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-ல், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று ஆணை அனுப்பினார். தஞ்சாவூரும் வேப்பேரியும் கொந்தளித்தன. ஒரே பாத்திரத்தில் வாய் வைப்பதைவிடச் சபையே வேண்டாம் என்று போனவர்கள் உண்டு. கிருபையைப் பாடிப் பாடித் தமிழ் நாவில் ஏற்றிய வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்தை விட மாட்டோம் என்று வாதாடியவர். வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலைச் சாதிக்கு ஒரு கூடமாகவே கட்டியிருந்தார்கள். நடுவிலிருந்த தடுப்பை 1910-ல் இடித்ததும் வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிற்று.

சீடன்: எங்கள் தாத்தாவுக்குப் பின்னால் பாய்தான், ஐயா. பெஞ்சு கிடையாது. ரசம் கடைசியில்தான் வருமாம். அப்பா சொல்லியிருக்கிறார்.

குரு: தெரியும். அதே காலத்தில் என் தாத்தா முன்வரிசைப் பெஞ்சில் இருந்தார். பெஞ்சின் முதுகில் வீட்டுப் பேர் எழுதியிருந்தது. அதை நீ மன்னித்துவிட்டாயா?

சீடன்: யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. நடக்கவே இல்லை என்பது மாதிரிதான் எல்லாரும் இருக்கிறார்கள். அசனத்தில் ஒரே பந்தியில் சாப்பிடுகிறோமே, இன்னும் என்ன என்பார்கள். பெண் கேட்டுப் போனால் தெரியும்.

குரு: நான் கேட்கிறேன்.

சீடன்: ஆமென்று உடனே சொல்ல வாய் வரவில்லை, ஐயா. உங்களிடம் பொய் சொல்லவும் முடியவில்லை. சீட்டுக்காரரை மன்னிக்க எனக்கு ஐந்து நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. இது வேறு மாதிரி இருக்கிறது.

குரு: இது உன் பையிலிருந்து போவது. அந்த அம்மாளுக்கும் இப்படித்தான் இருக்கும்.

சீடன்: அப்படியென்றால் மன்னிக்காமலே இருந்துவிடலாமா? எழுபது தரம் ஏழு என்ற கணக்கு இருக்கிறதே.

குரு: இருக்கிறது. யாருக்குச் சொன்னது? எனக்குக் குற்றம் செய்த சகோதரனை நான் எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு தானே வந்து கேட்டான், அவனுக்குச் சொன்னது. அதை எடுத்துக்கொண்டு போய் நஷ்டப்பட்டவள் வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லவில்லை. மன்னிக்காமல் வைத்திருப்பதும் ஆளை உள்ளே அரிக்கும், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டுகிற உரிமை முன்வரிசைப் பெஞ்சுக்கு இல்லை.

சீடன்: தானாக, யாரும் விரட்டாமல் மன்னித்தவர்கள் உண்டா?

குரு: கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். 1999 ஜனவரி 22 இரவு, ஒடிசாவில் மனோகர்பூர் என்ற கிராமத்தில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கணவர் கிரஹாமையும் இரண்டு மகன்களையும் தீவைத்துக் கொன்றார்கள். பெரியவன் பிலிப்புக்கு 10 வயது, சின்னவன் திமொத்தேயுவுக்கு 6. மன்னித்துவிட்டேன் என்று அந்த அம்மாள் சொன்னபோது நாடே திகைத்தது. அந்தச் சொல்லை மட்டும் நாம் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். மிச்சத்தையும் பார்க்க வேண்டும். மன்னிப்பு வேறு, குற்றத்தின் பலன் வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். வழக்கு அதன் பாட்டில் நடந்தது. முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையை 2011-ல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. அவரோ மகளோடு பாரிபதாவிலேயே தங்கி, கணவர் பார்த்துவந்த தொழுநோயாளிகளைத் தொடர்ந்து சில வருஷம் பார்த்தார். முழுக்க அவர் பையிலிருந்து போனது. கூட நின்று பார்த்தவர் எவராவது, அம்மா மன்னித்துவிடுங்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு கேவலமாக இருந்திருக்கும்!

சீடன்: இப்போது நான் என்ன செய்ய? சீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகட்டுமா? காலில் விழச் சொல்லலாம்.

குரு: வேண்டாம். காலில் விழுவதும் ஒரு வகை மிரட்டல்தான். விழுந்தவனைத் தூக்காவிட்டால் ஊர் அவளைப் பேசும். முதலில் நீ மட்டும் போ. அவரைப் பார்க்க விருப்பமா என்று கேள். இல்லை என்றால் விட்டுவிடு. அவரிடம் தனியாகப் போய், யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்கு. மாதம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று அவரே எழுதட்டும், 500 ரூபாயானாலும். எழுதினால் ஞாயிற்றுக்கிழமை பந்திக்கு வரட்டும், அந்தச் சின்ன எழுத்து விதி போதும். எழுத மாட்டேன் என்றால் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டுப் போகட்டும். அதற்கும் வாசல் திறந்திருக்க வேண்டும்.

சீடன்: வளைவுப் பணம்?

குரு: சனிக்கிழமை கமிட்டியில் நீயே எடுத்துப் பேசு. அந்த அம்மாளின் பணத்தைச் சபை முதலில் கொடுத்துவிட்டு, அவரிடம் மெல்ல வசூலித்துக்கொள்ளட்டும் என்று சொல். வசூலாகாமல் போனால் அது சபையின் நஷ்டம்.

சீடன்: என்னை வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள்.

குரு: எடுக்கலாம்.

சீடன்: அப்படி எடுக்காவிட்டாலும், முதல் கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இதைச் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற ஐயர் எவ்வளவு போடுகிறார் என்று கேட்பார்கள்.

குரு: அதை நீயே இன்னும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீடன்: கேட்டுவிட்டேன், ஐயா.

குரு: ஐந்தாம் தேதி பென்ஷன் வரும். அதில் பாதி. ஐயரம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் நீ உளறி வைக்காதே.